தரைவழி: ஈப்போவிலிருந்து சென்னை வரை ஒரு பாதையின் சரித்திரம்

மனிதர் ஊர்விட்டு ஊர் செல்வது இருவகைப்படும். தாமே புறப்பட்டுப் போவது ஒன்று. பிறரால் கொண்டுபோகப்படுவது மற்றொன்று. இரண்டிலும் கால்கள் நடக்கின்றன, வண்டிகள் ஓடுகின்றன, தேசங்கள் பின்னே மறைகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் முன்னதற்கே பிரயாணம் என்னும் பெயர் தகும். என்று புறப்படுவது, எவ்வழியே செல்வது, எதை உண்பது, எப்போது திரும்புவது என்னும் நான்கு கேள்விகளுக்கும் போகிறவனே விடை வைத்திருந்தால் அவன் பிரயாணி. அவ்விடைகள் வேறொருவன் பையில் இருந்தால் அவன் வெறும் சரக்கே.

இக்காலத்து வாலிபரிடையே ஓர் ஆசை பரவி வருகின்றது. முதுகில் ஒரு பையைச் சுமந்து, கையில் ஒரு பாஸ்போர்ட்டுடன், கப்பலும் விமானமும் ஏறாமல், தரைவழியாகவே பல தேசங்களைக் கடந்து போக வேண்டும் என்பதே அது. பேராக்கிலுள்ள நாமும் நண்பர் சிலரும் அவ்வாசைக்கு ஆளானோம். ஈப்போவில் இரயிலேறி, சயாம் தேசம் சென்று, பர்மாவைக் கடந்து, மணிப்பூர் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, கல்கத்தாவைத் தொட்டுச் சென்னையில் இறங்குவது என்று திட்டம் வரைந்தோம். செலவு, காலம், சாமான், அனுமதிச் சீட்டு ஆகியவற்றைக் கணக்கிடுவது தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்குப் பழக்கமான காரியந்தான். ஆனால் தேசப்படத்தின்மேல் கோடிட்டுப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்பட்டது. நாம் புதிதென்று எண்ணிய பாதையில் நம்மவர் கால்படாத இடமே இல்லை. ஆயின் அவருள் மிகச் சிலரே அப்பாதையில் தாம் விரும்பிப் போனவர். அச்சரித்திரத்தை அறியாமல் அவ்வழியே போகலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடலும் தரையும்

தமிழ்நாட்டிற்கும் மலாயாவிற்கும் இடையே வழி எது என்று கேட்டால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் கடலைத்தான் காட்டுவார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்குவதே அவர்கள் அறிந்த வழி. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் கட்டிக்கொண்டு வந்தனர். 1907-ஆம் ஆண்டு முதல் தோட்டங்கள் செலுத்திய வரியைக் கொண்டு ஆள்வரவுக்கென ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டுக் கப்பற் கூலி அதிலிருந்து கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய சர்க்கார் அவ்விதம் உதவிச் செலவில் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்தது. அதன் பின்னும் சொந்தச் செலவில் வருவோர் போவோர்க்குக் கப்பல் இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நம்மவரைச் சுமந்தது. அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. அதன் பின் ஆகாய விமானமே வழியாயிற்று.

ஆனால் தரைவழியும் பழமையானதே. சயாமின் மேற்குக் கரையில் தக்குவா பா என்னும் ஊரில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தையும், அதன் காவலைப் பெற்ற மணிக்கிராமத்து வணிகரையும் அது கூறுகின்றது. அவ்விடத்தில் நிலம் ஒடுங்கிக் கழுத்துப்போல் இருக்கும். மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போவதற்கு அஞ்சிய வணிகர் மேற்குக் கரையில் சரக்கை இறக்கி, ஆற்றிலும் காட்டுவழியிலுமாகக் கீழ்க்கரைக்குக் கொண்டுபோயினர். இன்னும் வடக்கே பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. நானாதேசி விண்ணகர் என்னும் கோயிலுக்கு மலைமண்டலத்திலிருந்து வந்த ஒருவர் மண்டபம் கட்டுவித்ததை அது சொல்கின்றது. கடற்கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் ஊர் பகான். அவ்வணிகர் ஆற்றோடும் நிலத்தோடும் வழி கேட்டுப் போனவர்கள்; நாம் மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் தம்மிடமே விடை வைத்திருந்தவர்கள். நம்மவருள் பிரயாணி என்னும் பெயர்க்கு முதலில் உரியவர் அவர்களே.

இருப்புப் பாதை வந்த கதை

இடையில் பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1877-இல் பேராக்கின் அரச நகரான கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1885 ஜூன் 1-ஆம் தேதி மலாயாவின் முதல் இருப்புப் பாதை, இதே பேராக்கில், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரமே உள்ள அப்பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட வேலைப்படையினர். ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம், மனிதரைச் சேர்ப்பதன்று. 1909-இல் ஜொகூர்ப் பகுதியும் முடிந்து, வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் வரையில் பாதை ஒன்றாயிற்று. 1917-இல் ஈப்போவின் இன்றைய இரயில் நிலையம், வெண்மாடமும் கவிகையுமாக எழுந்தது. 1918 ஜூலையில் பாடாங் பெசாரில் மலாயாவின் தண்டவாளமும் சயாமின் தண்டவாளமும் கைகோத்தன. 1927-இல் பாங்காக்கின் ஆற்றின்மேல் ஆறாம் இராமர் பாலம் திறக்கப்பட்டபின் அந்நகரத்தின் இரு கரை இரயில்களும் இணைந்தன.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மலாயாவின் தண்டவாள அகலம் ஒரு மீட்டர். சயாமின் அகலமும் அதுவே. பர்மாவின் அகலமும் அதுவே. ஒரு தேசத்துப் பெட்டி மற்றொரு தேசத்தில் தடையின்றி உருளும். ஆனால் சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே மலையும் காடும் காய்ச்சலும் குறுக்கிட்டன. அவ்விடைவெளியில் ஒரு பாதை போடலாமா என்று ஆங்கிலேயர் யுத்தத்திற்கு முன்னரே ஆராய்ந்து, ஆகாதென்று விட்டுவிட்டனர். அவ்விடைவெளி பின்னர் நிரப்பப்பட்டது. நிரப்பப்பட்ட விதத்தைத்தான் இனிச் சொல்லப் போகின்றோம்.

1942: எதிரெதிராக இரு கூட்டம்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். அம்மாத இறுதிக்குள் ஈப்போ அவர் வசமாயிற்று. ஆண்டு பிறக்கும் வேளையில் கம்பாரில் நான்கு நாட்கள் கடும் போர் நடந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச் 8-இல் இரங்கூனும் வீழ்ந்தன.

இரங்கூன் அக்காலத்தில் பாதி இந்திய நகரம். துறைமுகக் கூலிகள், குமாஸ்தாக்கள், செட்டிமார், பத்திரிகைக்காரர் என நம்மவர் அங்கே நிறைந்திருந்தனர். குண்டு விழத் தொடங்கியதும் கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. எஞ்சியோர் நடந்தனர். சிலர் அரக்கான் மலையைக் கடந்தனர். சிலர் சிந்துவின் ஆற்றைத் தாண்டித் தாமு வழியாக மணிப்பூரை நோக்கிப் போயினர். அவ்வாண்டில் பர்மாவைவிட்டு இந்தியா சேர்ந்தோர் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பர். வழியில் பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பல்லாயிரவர். இரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவர்களும் அவ்விதம் நடந்தவரே. அவர் தம் பர்மா வழிநடைப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். தரைவழி போக விரும்பும் தமிழர் ஒவ்வொருவரும் முதலில் படிக்கத் தக்க நூல் அது. வெள்ளையர்க்கு ஒரு வழியும் இந்தியர்க்கு ஒரு வழியுமாக அந்த ஓட்டத்திலும் பேதம் இருந்தது. சாவின் முன்னே சகலரும் சமம் என்பார்கள். சாவுக்குப் போகும் பாதையில் அச்சமத்துவம் காணப்படவில்லை.

பர்மாத் தமிழர் மேற்கே நடந்துகொண்டிருந்த அவ்வாண்டிலேயே பர்மாவுக்கும் சயாமிற்கும் இடையிலிருந்த இடைவெளியை நிரப்ப ஜப்பானியர் முடிவு செய்தனர். சயாமில் நோங் பிளாடுக் முதல் பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். இடையே மூன்று பகோடாக் கணவாய். வேலை 1942-இன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனையும் ஒன்றுசேர்ந்தன. அதற்கு வேண்டிய தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கீழ்க்கரைப் பாதையிலிருந்தே பிடுங்கிச் செல்லப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கியதுபோலவே மனிதரையும் பிடுங்கினர். அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட யுத்தக் கைதிகளும், அவரினும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து போனவர் மட்டும் எழுபதினாயிரத்திற்கு மேல். அவருள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது? மூன்று மாத வேலை. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி. பின்னர் வீடு திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. இரப்பருக்கு விலையில்லாமல், அரிசியில்லாமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த லயத்து மக்கள் அதை நம்பினர். நம்பாதவரைப் பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றினர். மனைவி மக்களோடு போனவரும் உண்டு. அடைத்த சரக்குப் பெட்டிகளில் பல நாள் ஓடிப் பான் போங்கில் இறங்கினர். அங்கிருந்து பலர் காட்டுவழியே நடந்தனர். 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியது. யுத்தக் கைதிகளிடையே வைத்தியரும் அதிகாரிகளும் இருந்தனர்; தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். நம் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அப்படியொருவரும் இல்லை. கைதிகளில் பன்னிரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் எண்ணிக்கையைத் திட்டமாகக் கூறுவார் இல்லை. எண்பதாயிரத்திற்கும் நூறாயிரத்திற்கும் இடையே பலவாறு சொல்கின்றனர். திட்டமாகச் சொல்லமுடியாமையே நம்மவர் எப்படி நடத்தப்பட்டனர் என்பதற்குச் சாட்சி. எண்ணத் தகுந்தவராக அவர்கள் கருதப்படவில்லை.

கிராணியின் பேனா

இவ்விடத்தில் நம் தொழிலைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போவது நேர்மையாகாது. வெள்ளைத் துரைமார் சிறைப்பட்டபின் தோட்டங்களின் நிர்வாகம் பெரும்பாலும் ஆசியச் சிப்பந்திகளின் கையில் வந்தது. இத்தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரி கேட்டபோது அவ்வெண்ணைப் பெயர்களால் நிரப்பியது யார்? செக்ரோலைத் திறந்து வைத்துப் பட்டியல் எழுதியது கிராணியின் பேனா; ஆளைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தியது கங்காணியின் குரல். சில கிராணிமார் பெயர்களை மறைத்துக் காத்தனர் என்றும், சிலர் தமக்கு வேண்டாதவர் பெயரை முதலில் எழுதினர் என்றும் பழைய தோட்டத்து மனிதர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தாமே அப்பட்டியலில் சேர்க்கப்பட்டுச் சயாம் போய்த் திரும்பாத கிராணிமாரும் உண்டு. கத்தி கழுத்தில் இருக்கையில் எழுதியவனை இன்று நிழலில் உட்கார்ந்து பழிப்பது எளிது. ஆனால் ஒன்றைமட்டும் மறக்கலாகாது. அன்று போனவர்க்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தவனிடம் அவர்கள் உயிர் இருந்தது. தேசப்படத்தைப் படிக்கத் தெரிந்தவன் பிரயாணியாகவும், படிக்கத் தெரியாதவன் சரக்காகவும் ஆன கதை இது. கல்வி வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வேண்டும் என்று நம்மிடையே ஓயாது சொல்லப்படுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

யுத்தத்திற்குப் பின் பிரிட்டிஷார் அப்பாதையின் சயாம் பகுதியைச் சயாம் சர்க்காருக்குப் பன்னிரண்டரை இலட்சம் பவுனுக்கு விற்றனர். அத்தொகை தண்டவாளங்களையும் பெட்டிகளையும் பறிகொடுத்த இரயில்வேக்களுக்கு நஷ்டஈடாகச் சென்றது. பிடுங்கப்பட்ட இரும்புக்கு விலை கிடைத்தது.

கொடி பிடித்துச் சென்றவர்

அதே பாதையில், அப்பாதை முடிந்த சில மாதங்களுக்குள், மற்றொரு கூட்டமும் சென்றது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் பெண்கள் படை அமைந்தது. அப்படையில் சேர்ந்தோரில் மிகப் பலர் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. அடுப்படியையும் வெளிக்காட்டையும் தவிர வேறு உலகம் காணாத பெண்கள் ஜாதி பேதமின்றி ஒரே வரிசையில் நின்று, ஒரே பந்தியில் உண்டு, சயாமைக் கடந்து பர்மா சென்றனர். கோலாலம்பூரின் ஜானகி தேவர் அப்படையின் தலைவியருள் ஒருவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் எனப் பெயர் பெற்றவர்.

1944 ஏப்ரல் 14-இல் மணிப்பூரின் மொய்ராங்கில் அவர்தம் கொடி ஏறியது. ஆனால் மழைக்காலம் வந்தது, உணவும் மருந்தும் வந்து சேரவில்லை, ஜூலையில் பின்வாங்கினர். 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டு போஸும் பெண்கள் படையினரும் புறப்பட்டனர். இரவில் நடந்தும் பகலில் மறைந்தும் மோல்மின் சேர்ந்து, மே மாத நடுவில் பாங்காக் அடைந்தனர். அப்போரின் அரசியலைப் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். பாதையின் சரித்திரத்தில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு. ஏனெனில் தோட்டத்துத் தமிழர் எல்லை தாண்டிச் செல்கையில், போவதா வேண்டாவா என்று கேட்கப்பெற்று, போவோம் என்று தாமே சொல்லிப் போனது அப்போதுதான். பருவத்தையும் உணவையும் கணக்கிடாத திட்டம் எத்தகைய வீரத்தையும் வீணாக்கிவிடும் என்னும் பாடத்தையும் அவர்கள் விலை கொடுத்து நமக்குத் தந்தார்கள்.

அறுவர் வந்த வழியும் ஆயிரவர் நின்ற இடமும்

யுத்தம் முடிந்து பத்தாண்டுகள் சென்றபின், 1955 செப்டம்பர் 1-ஆம் தேதி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆறு வாலிபர் லண்டனிலிருந்து இரண்டு லாண்ட்ரோவர் வண்டிகளில் புறப்பட்டனர். ஐரோப்பா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றைக் கடந்து, அஸ்ஸாமிலிருந்து லேடோ சாலை வழியாகப் பர்மாவுக்குள் நுழைந்து, சயாமையும் மலாயாவையும் தாண்டி, 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் சேர்ந்தனர். வழியை ஆராய்ந்தது, சர்க்கார்களிடம் அனுமதி பெற்றது, கம்பெனிகளிடம் உதவி வாங்கியது, ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை வகுத்தது என்று அவர்கள் செய்த முன்னேற்பாடு திட்டமிடுவோர்க்கு இன்றும் நல்ல பாடம். டிம் ஸ்லெஸர் என்பவர் அதனை நூலாக எழுதினார்.

அவர்களுடைய சாமர்த்தியத்தை நாம் மெச்சுகின்றோம். ஆனால் அவர்கள் மலாயாவின் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டி வந்த அந்நாளில் தோட்டத்துத் தமிழர் நிலை யாது? 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலம் அது. தோட்டத்து லயங்கள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டன. வேலி தாண்டி வெளிக்காட்டுக்குச் சோறு கொண்டுபோவதற்கும் தடை இருந்தது. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை ஒருவர்க்கு வழி திறந்திருக்க, லயத்திலிருந்து பால்மரம் வரை மற்றொருவர்க்கு வழி அடைத்திருந்தது. பின்னர் 1957-இல் சுதந்திரம் வந்தது. ஆயினும் குடியுரிமைப் பத்திரம் பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர் பலர். 1969-க்குப் பின் பிரஜையல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றானபோது அவருள் ஆயிரக்கணக்கானோர், பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். பாஸ்போர்ட்டு என்பது ஒரு சிறு புத்தகம். அதைப் பெறுவதற்கு நம்மவர்க்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை அதைப் பையில் வைக்கும்போது நினைக்க வேண்டும்.

பர்மாவிலும் இதுவே நடந்தது. 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் பறிமுதலாயின. வெறுங்கையோடு நம்மவர் சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் சிலர் தமிழ்நாட்டில் வேர்கொள்ள மாட்டாமல், பர்மாவுக்கே திரும்ப எண்ணித் தரைவழியே மணிப்பூர் வரை போயினர். எல்லையில் பர்மியக் காவலர் தடுத்தனர். முன்னும் போகமுடியாமல், பின்னும் வர மனமில்லாமல், நின்ற இடத்திலேயே குடியிருந்தனர். அவ்விடந்தான் மோரே. இம்பாலுக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டரில் இருக்கும் அவ்வெல்லைப் பட்டணத்தில் தமிழர் கோயிலும் தமிழ்ச் சங்கமும் எழுந்தன. பாதை நின்ற இடத்தில் ஓர் ஊர் பிறந்தது.

இன்றைய திட்டம்

இனி நம் திட்டத்திற்கு வருவோம். ஒரு காலத்தில் அவ்வழி மெல்ல மெல்லத் திறந்தது. 2001-இல் தாமுவிலிருந்து கலேமியோ வரை இந்திய சர்க்கார் போட்ட சாலை திறக்கப்பட்டது. மோரேயிலிருந்து சயாமின் மே சோட் வரை மூன்று தேசங்களை இணைக்கும் ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு 2002-இல் அடிகோலினர். 2013-இல் மே சோட் எல்லையும், 2018 ஆகஸ்டில் மோரே எல்லையும் வெளிநாட்டார் முறையான விசாவோடு கடப்பதற்குத் திறக்கப்பட்டன. எனவே 2018-க்கும் 2020-க்கும் இடையே ஈப்போவிலிருந்து சென்னை வரை தரையிலேயே போவது கைகூடக்கூடிய காரியமாக இருந்தது. பின்னர் 2020-இல் கொள்ளைநோய் வந்தது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பறித்து, உள்நாட்டு யுத்தம் மூண்டது. 2023 மே முதல் மணிப்பூரிலும் இனக் கலவரம் எழுந்து மோரேயின் வீடுகளையும் எரித்தது. ஆகவே பர்மாப் பகுதியை நம் திட்டத்திலிருந்து இப்போதைக்கு விலக்கியிருக்கின்றோம். ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது வீரமன்று. அகதிகள் ஓடிவரும் பாதையில் வேடிக்கை பார்க்கப் போவது மனிதத்தன்மையும் அன்று.

ஆனால் முதற் பகுதி திறந்தே இருக்கின்றது. ஈப்போவிலிருந்து மின்சார இரயில் பாடாங் பெசார் வரை செல்கின்றது. அங்கே இரு தேசத்துக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே நிலையத்தில் முடியும். கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்பிக்கொண்டு, ஹாட் யாய் சென்று இரவு வண்டி ஏறினால் மறுநாள் காலையில் நக்கோன் பத்தோம் வந்துவிடும். பாங்காக் போக வேண்டியதில்லை. அங்கே இறங்கி, தோன்புரியிலிருந்து வரும் சிறு இரயிலில் ஏறினால் காஞ்சனபுரி. அவ்விரயில் மேலும் சென்று நாம் டோக்கில் நிற்கும். அதற்கப்பால் பர்மா வரை சென்ற பழைய தண்டவாளம் இப்போது இல்லை. நவம்பர், டிசம்பரில் ஹாட் யாய்ப் பக்கம் வெள்ளம் வரக்கூடும். மே முதல் அக்டோபர் வரை காஞ்சனபுரியில் மழை. ஆதலால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உகந்தவை. இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, காய்ச்சலுக்கு மருந்து, கொதித்தாறிய நீருக்கு ஒரு புட்டி இருந்தால் போதும். பையின் பாரம் சுமப்பவன் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டலாகாது.

காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் மயானம் இருக்கின்றது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு பொறிக்கப்பட்டுப் பூச்செடி நட்டுப் பேணப்படுகின்றன. ஆற்றுப் பாலத்தருகே ஜப்பானியர் 1944-இல் எழுப்பிய ஒரு நினைவுத் தூண் உண்டு. அதில் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கின்றனர், தமிழிலும் எழுதியிருக்கின்றனர். நம் நாட்டுத் தமிழர் முயற்சியால் இப்போது நம் தொழிலாளர்க்கென ஒரு நடுகல்லும் அங்கே நிற்கின்றது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அவர் கதையைச் சொல்கின்றன. ஆயினும் மாண்டவரின் பெயர்ப்பட்டியல் முழுமையாக எங்கும் இல்லை. போகும்போது செக்ரோலிலிருந்து எழுதப்பட்ட பெயர்கள், மாண்டபோது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

தோழர்களே! இரப்பர் மரங்கள் வெட்டுண்டு செம்பனை எழுந்துவிட்டது. லயங்கள் இடிந்து, அங்கிருந்தோர் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய பட்டணங்களின் ஓரங்களில் குடியேறிவிட்டனர். சயாம் போனவரைக் கண்ணால் கண்டவர் ஒவ்வொருவராக மறைகின்றனர். பையைக் கட்டுவதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. உங்கள் வீட்டிலும் அண்டையிலும் உள்ள முதியவரிடம் சென்று, உம் உறவில் சயாம் போனவர் யார், எத்தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்று கேளுங்கள். கேட்டதை ஊரும் பேருமாக எழுதுங்கள். பெயரை எழுதி ஆளை அனுப்பிய தொழிலில் உள்ள நாம், ஆள் மறைந்தபின் பெயரையாவது எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம். அவ்வேட்டை முதலில் பையில் வையுங்கள். மற்றச் சாமான் பிறகு.

என்று புறப்படுவது, எவ்வழியே செல்வது, எதை உண்பது, எப்போது திரும்புவது என்று நாமே முடிவு செய்யும் நிலை நமக்கு வாய்த்திருக்கின்றது. நம் பாட்டன்மார் அத்தண்டவாளத்தில் இழந்தது இந்நான்கையுமே. பர்மா வழி ஒருநாள் திறக்கும். அன்று சென்னை வரையும் போகலாம். இப்போது காஞ்சனபுரி வரை போய், அந்த நடுகல்லின் முன் நின்று, கொண்டுபோன பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துவிட்டு வருவோம்.